பூங்கோதை பேசாத நாட்கள்

மே 9, வெள்ளி

நான்கு மணி பஸ் ஐந்தே முக்காலுக்கு வந்தது. அதில் மருமகள் வந்து சேர்ந்தாள். ஒரு பெட்டி, ஒரு தோள்பை, கழுத்தைச் சுற்றி மஃப்ளர். "பிரயாணம் எப்படி?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் டாக்டர் சீட்டை நீட்டினாள்.

குரல்நாண் வீங்கியிருக்கிறது. பத்து நாள் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது பேசுவதைவிடக் கெடுதலாம். வடியாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மஸ்கட்டிலிருந்து ஜெரோம் போன் செய்தான். "அம்மா, நிலக்கோட்டைல அவங்க வீட்ல இருந்தா இவளால சும்மா இருக்க முடியாது. யாராவது தட்டுல தாளம் போட்டாலே பாடிருவா. ஆனைமேட்டுல உங்க வீடுதான் சரி. அங்கதான் பேச்சே இருக்காது." என் மகன் அதைத் தவறான அர்த்தத்தில் சொல்லவில்லை.

பூங்கோதை கோயில் கொடைகளிலும் பொருட்காட்சிகளிலும் உறுமி, தப்போடு நாட்டுப்பாட்டு பாடுகிறவள். மேடையில் அவள் பெயர் நிலக்கோட்டை பூங்கோதை. இதுவரை பெரிய ஆள் வந்து சேரும்வரை கூட்டத்தை உட்கார வைக்க அவளைப் பாட விடுவார்கள். இந்த மாதம் 25ஆம் தேதி, எங்கள் ஊர்க் கோடை விழாவின் கடைசி நாளில், முதல் தடவையாக அவளே பெரிய ஆள். மலேசியாவிலிருந்து இரண்டு பேர் கேட்க வருகிறார்களாம். பிடித்திருந்தால் அங்கே இருபது மேடை. அவளையும் அவளோடு வாசிக்கிற நான்கு பேரையும் அழைத்துப்போவார்கள்.

அவள் பாடி நான் நேரில் கேட்டதில்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் சந்தர்ப்பம் அமையவில்லை.

முன்னறையை ஒழித்துக் கொடுத்தேன். அங்கேதான் காலை வெயில் வருகிறது. வேறு காரணம் இல்லை.

மே 10, சனி

அவள் தொண்டைக்குக் கஞ்சி. எனக்கும் அதுவே. இரண்டு பேருக்கு இரண்டு சமையல் எதற்கு?

மே 11, ஞாயிறு

பூசை முடிந்து வாசலில் ஹில்டா பிடித்துக்கொண்டாள். ஹில்டாவும் நானும் கான்வென்ட்டில் ஒன்றாம் வகுப்பு முதல் ஒரே பெஞ்ச். இன்றுவரை டேலியாச் செடியில் என்னோடு போட்டி போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

"எமி, உன் மருமக வந்திருக்காளாமே? மியூசிக்குன்னு சொன்னியே, வீணைதான?"

"வாய்ப்பாட்டு" என்றேன்.

சர்ச்சுக்கு எதிரே பஸ் நிலையத்தில் கதவு உயரத்துக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள். அதில் பூங்கோதை ஒரு கையைத் தூக்கி, கடைவாய்ப்பல் தெரிய வாயைத் திறந்துகொண்டிருக்கிறாள். அதைப் பார்த்தாயா என்று ஹில்டா கேட்கவில்லை. எழுபத்திரண்டு வயதிலும் அவள் அப்படித்தான்.

மாலையில் வீட்டில் மாதா வணக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். பூங்கோதை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, நாங்கள் பாடியபோது உதட்டை மட்டும் அசைத்தாள். உதடு அசைந்தால் குரல் பின்னாலேயே வந்துவிடும். வேண்டாம் என்று சைகை காட்டினேன். உதட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். கால் விரல்கள் மட்டும் தாளம் போட்டன. அதற்கு டாக்டர் தடை சொல்லவில்லை.

மே 13, செவ்வாய்

சொல்ல வேண்டியதைப் போனில் எழுதிக் காட்டுகிறாள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். "நேத்து திருத்தினது இன்னைக்கும் அப்படியே வருதே" என்று கேட்டேன். உடனே ஒரு வரி எழுதிக் காட்டினாள். அதில் என் பெயரையே மூன்று விதமாகத் தப்புத் தப்பாக எழுதியிருந்தாள். விளையாடுகிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எமரன்சியா என்ற பெயர் அவ்வளவு சிரமமானது அல்ல.

பதினொரு மணிக்கு விழாக்குழுச் செயலாளர் சம்பத் போன் செய்தார்.

"மேடம், பூங்கோதை அம்மாட்ட ஒரு நிமிஷம் குடுங்க. விளம்பர ஜீப்புல போட ரெண்டு வார்த்தை பேசி அனுப்பணும். 'ஆனைமேட்டு மக்களே, வாங்க வாங்க'ன்னு சும்மா."

"இப்போது பேச முடியாது."

"குளிக்கிறாங்களா? நான் பெறகு போடுறேன்."

"பிறகும் முடியாது. அவள் பேசுவதில்லை."

"யாரு, எங்க மேலயா கோவம்?"

தொண்டை சரியில்லை என்று சொன்னால் மறுநாளே வேறு ஆளைப் பிடிப்பார்கள். மதுரையில் ஒரு மெல்லிசைக் குழு வரிசையில் நிற்கிறது என்று ஜெரோம் எச்சரித்திருந்தான். பூங்கோதை சமையலறை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள் மௌனம் இருக்கிறாள்" என்றேன்.

"விரதமா மேடம்?"

"ஆமாம். விரதம்."

போனை வைத்த பிறகு பூங்கோதை இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பும் தொண்டைக்கு ஆகாது என்று கண்டித்தேன்.

மே 14, புதன்

ஜீப் மலை முழுவதும் சுற்றுகிறது. "நம்ம மலை அய்யனுக்கு மௌன விரதம் இருந்து, விழா மேடையிலே முதல் சத்தம் கொடுக்கப்போகிறார் நிலக்கோட்டை பூங்கோதை!"

மலை அய்யன் சாமிக்கு என்று நான் சொல்லவே இல்லை. அதை எழுதியது சம்பத்.

மே 15, வியாழன்

காலையில் கேட்டுக்கு வெளியே எஸ்டேட் பெண்கள் ஏழெட்டுப் பேர், எலுமிச்சம்பழமும் மஞ்சளும் கொண்டு நின்றார்கள். என் வீட்டு வேலைக்கு வருகிற செவனம்மாவும் அவர்கள் நடுவில் நின்றாள். பாத்திரம் தேய்க்காமல்.

"ஒரு தடவ கும்பிட்டுட்டுப் போயிருவோம்மா. பேசா விரதம் இருக்கிறவக கையால எலுமிச்சம்பழம் வாங்குனா நல்லதும்மா."

இது கத்தோலிக்கர் வீடு; முன்னறைச் சுவரில் இயேசுவின் திருஇருதயப் படம் தொங்குகிறது. அதன் கீழே உட்கார்ந்து பூங்கோதை பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுத்தால் மனம் நோவார்கள் என்று போனில் எழுதிக் காட்டினாள். ஒருத்தி நாலு வயதாகியும் பேச்சு வராத மகளைக் கொண்டுவந்திருந்தாள். பூங்கோதை அந்தக் குழந்தையின் உள்ளங்கையில் விரலால் தாளம் தட்டினாள். குழந்தை சிரித்துவிட்டுத் தன் கையால் திருப்பித் தட்டியது. நான் அந்தத் தாயிடம், விரதத்தையும் எலுமிச்சையையும் நம்பி இராமல் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப்போய் முதலில் குழந்தையின் காதைச் சோதிக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு வேண்டியதையும் கொடுத்தேன்.

ஹில்டா போன் செய்து ஐந்து நிமிஷம் சிரித்தாள்.

எலுமிச்சம்பழங்கள் மிஞ்சின. ஊறுகாய் போட்டேன்.

மே 16, வெள்ளி

செவனம்மா தன் போனில் எப்போதும் எதையாவது அலறவிட்டுக்கொண்டுதான் பாத்திரம் தேய்ப்பாள். இன்று தற்செயலாக அது பூங்கோதையின் பாட்டாக இருந்தது. நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். நாற்பது லட்சம் பேர் எதை வேண்டுமானாலும் பார்ப்பார்கள்.

பாட்டு, மேளம் எதுவும் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நீண்ட இழுப்பு. சொல் இல்லை, உச்சத்தில் போய் நிற்கிற குரல் மட்டும். கான்வென்ட் பாடகர் குழுவில் நான் பதினோரு வருஷம் பாடினேன். அங்கே அப்படிக் குரலைத் திறந்தால் சிஸ்டர் பியானோ மூடியைச் சாத்திவிடுவார். ஆனால் சுருதி சுத்தம். அதை நான்காம் தடவை கேட்டபோதுதான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

மே 17, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறரை. பனிமூட்டம். டேலியாச் செடிகளுக்குக் கம்பு நட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்திருந்தேன். பனியில் சத்தம் அமுங்கிப்போகும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. பூங்கோதை என் சால்வையை எடுத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்திருக்கிறாள்.

"அத்தே! அசையாதீங்க!"

நான் நிமிர்ந்தேன். எனக்கும் வேலிக்கும் நடுவே காட்டெருமை. இடைவெளி எங்கள் சாப்பாட்டு மேசையின் நீளம்கூட இருக்காது. மூச்சு விடுவது புகையாகத் தெரிந்தது. பூங்கோதை நிறுத்தவில்லை. அந்த இழுப்பை எடுத்தாள். சொல் இல்லாத அந்தக் குரலை, வயிற்றிலிருந்து, படியில் நின்றபடி. எருமை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. பிறகு திரும்பி, மூன்று செடிகளை மிதித்து, வேலியைப் பிய்த்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அவள் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் தொண்டை நினைவு வந்தது. கையைக் கழுத்தில் வைத்தாள். வாய் திறக்கப் போனவளிடம் "பேசாதே" என்றேன். நான் சொன்ன விதம் கடுமையாக இருந்திருக்கலாம். படியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். கட்டுப்பாட்டை உடைத்ததற்கு நான் திட்டப்போகிறேன் என்று நினைத்தாள் போலிருக்கிறது. அப்படி நினைக்க நான் என்ன காரணம் கொடுத்தேன் என்று தெரியவில்லை.

சால்வையை அவளுக்குப் போர்த்தினேன். வெந்நீர் கொடுத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று எழுதினாள். மத்தியானமும் கேட்டேன். மாலையிலும் கேட்டேன். கடைசியில், "கொஞ்சம் மணல் மாதிரி" என்று எழுதினாள்.

ஒன்பது நாள் காப்பாற்றிவைத்ததை என் ஒருத்திக்காகச் செலவழித்துவிட்டாள்.

பிழையைத் திருத்தாமல் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மே 18, ஞாயிறு

இன்று கேட்டில் யாரும் இல்லை. அந்தக் குரல் எதிர் மலைவரை கேட்டிருக்கிறது. செவனம்மாதான் சொன்னாள்: "விரதம் முறிஞ்சிருச்சுன்னு பேசிக்கிறாகம்மா. மேடைல குடுக்க வேண்டிய மொதச் சத்தத்த காட்டுமாட்டுக்குக் குடுத்துருச்சுங்கிறாக."

பூசைக்கு முன், விரதம் என்று பொய் சொன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் சிரித்தார். அந்த இடத்தில் சிரிக்கலாமா என்பதை பிஷப்பிடம் கேட்க வேண்டும்.

மத்தியானம் சம்பத்.

"மேடம், எஸ்டேட் பக்கமெல்லாம் ஒரே பேச்சா இருக்கு. விரதம் கெட்டவங்க மேடையேறுனா மழ வந்து விழாவே கெட்டுரும்னு பெரியவங்க சொல்றாங்க. கமிட்டில மாத்திரலாமான்னு யோசிக்கிறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"கமிட்டி எப்போது கூடுகிறது?"

"நாளைக்குப் பத்து மணிக்கு. அது எதுக்கு மேடம்?"

மே 19, திங்கள்

சாம்பல் கரை போட்ட வெள்ளைப் புடவை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு போனேன். பத்து மணிக் கூட்டத்துக்கு நான் பத்துக்கு இருந்தேன். அவர்கள் பத்தரைக்கு வந்தார்கள். ஏழு ஆண்கள். நாற்காலி போட்டார்கள். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"விரதம் என்று சொன்னது நான். என் மருமகள் அல்ல. அது உண்மை இல்லை. அவளுக்குத் தொண்டையில் வீக்கம். டாக்டர் பேசக் கூடாது என்றார். சனிக்கிழமை என் பின்னால் காட்டெருமை வந்து நின்றது. அவள் கத்தியதால் நான் இங்கே நிற்கிறேன். இதில் எந்தச் சாமிக்கும் குறை வைத்ததாக எனக்குத் தெரியவில்லை."

பொருளாளர் பிச்சைமணி, நகைக்கடைக்காரர், முதலில் வாய் திறந்தார். "அப்ப தொண்டையும் சரியில்லையா? தொண்ட இல்லாத பாட்டுக்காரிய வச்சு நாங்க என்னம்மா செய்யறது?"

"நாளைக்கு டாக்டர் பார்க்கிறார். முடியாது என்று அவர் சொன்னால் நானே உங்களுக்குச் சொல்வேன். பேனரை இறக்கிவிடுங்கள். முடியும் என்றால் அவள் பாடுவாள். நான் சொல்வதற்கு முன்னால் நீங்கள் யாரையும் மாற்றக் கூடாது."

"மொதல்லயே நெசத்தச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தால் இப்போது கேட்ட கேள்வியை அன்றைக்கே கேட்டிருப்பீர்கள்."

 பிறகு மூலையில் இருந்த ஒருவர் மெதுவாக, "மாடு எம்புட்டுக் கிட்ட நின்னுச்சும்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவ்வளவுதான். ஆனைமேட்டில் காட்டெருமைக் கதை இல்லாத ஆண் கிடையாது. பிச்சைமணியை ஒன்று கடை வாசல் வரை துரத்தியிருக்கிறது. சம்பத்தின் மாமனாரை ஒன்று பலா மரத்தில் ஒரு பொழுது முழுக்க உட்கார வைத்திருக்கிறது. ஒவ்வொருவராகச் சொல்லி முடிக்க அரை மணி ஆயிற்று. கடைசியில் பிச்சைமணி, "சரிம்மா, டாக்டர் சொல்லட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்து பூங்கோதையிடம், நாளை வரை பொறுப்பார்கள் என்று மட்டும் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

டாக்சியில் திண்டுக்கல். வளைவுகளில் பூங்கோதை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது.

ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் அவளுடைய ஆட்கள் நாலு பேரும் நின்றார்கள். உறுமி வாசிக்கிற சோலைமலை அவர்களில் பெரியவர், ஐம்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். இவர்கள் வருவார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஐந்து மணிக்கே பஸ் ஏறியிருக்கிறார்கள்.

டாக்டர் வாய்க்குள் கேமராக் குழாயை விட்டுத் திரையில் பார்த்தார். "ஈ சொல்லுங்க" என்றார். நான் செபமாலையைக் கைப்பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஈ" என்றாள். சின்னதாக, சுத்தமாக வந்தது.

"வீக்கம் வடிஞ்சிருச்சு" என்றார் டாக்டர். "நடுவுல கத்துனீங்கன்னு எழுதியிருக்கீங்களே, நான் பயந்துட்டேன். தொண்டையால கத்தியிருந்தா கிழிஞ்சிருக்கும். பாடிப் பழகினவங்க, வயித்துல இருந்து குடுத்திருக்கீங்க. தப்பிச்சீங்க."

முக்கால் மணி நேரம் பாடலாம். தாழ்வாகத் தொடங்க வேண்டும். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகக் கூடாது. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்றார்.

நாங்கள் எழுந்தபோது, "அம்மாவுக்குக் காதையும் ஒரு தடவ பாத்துரலாமா? நான் கேட்டதையே மூணு தடவ கேட்க வேண்டியிருந்துச்சு" என்றார்.

"மூக்குவரை மூடிக்கொண்டு பேசினால் யாருக்குத்தான் கேட்கும்?" என்றேன்.

வெளியே வந்ததும் சோலைமலை ஓடிவந்தார். "என்ன தாயீ? என்ன சொன்னாரு?"

பதினோரு நாளைக்குப் பிறகு, டாக்டர் அனுமதியோடு பூங்கோதை பேசிய முதல் வாக்கியம்: "பசிக்குதுண்ணே."

அந்த நாலு ஆண்களும் வேப்பமரத்தடியில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் டாக்சியைத் தேடப் போனேன். முதல் வார்த்தை என்னிடம் சொல்வாள் என்று நான் ஒன்றும் எதிர்பார்த்திருக்கவில்லை.

மே 21, புதன்

சம்பத்துக்கு போன் செய்து, பேனர் இருக்கட்டும் என்றேன்.

மே 22, வியாழன்

என் ஹாலில் உறுமி, தவில், தப்பு, நாதஸ்வரம். காபித் தம்ளர்கள் அலமாரியில் ஆடின. அடுத்த வீட்டு நாய் இரண்டு மணி நேரம் ஊளையிட்டது.

சிக்கல் அந்த இழுப்பில்தான். கூட்டம் அதற்காகவே வருகிறது. டாக்டர் அதைத்தான் தடுத்திருக்கிறார்.

"அது இல்லாம எடுத்தா சனம் ஒக்காராது தாயீ. பஜ்ஜி திங்கப் போயிரும்" என்றார் சோலைமலை.

"அறுப்புப் பாட்டை முதலில் வைத்தால் அப்படித்தான் ஆகும்" என்றேன் சமையலறையிலிருந்து. "அது ஆரம்பத்திலேயே மேலே ஏறுகிறது. கிணற்றுப் பாட்டை வையுங்கள். இரண்டாவது சரணம் வரை அது கீழேயே நிற்கும். அறுப்பு மூன்றாவதாக வரட்டும்."

உறுமி நின்றுவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எம் பாட்டெல்லாம் தெரியுமா அத்தே?" என்றாள் பூங்கோதை.

"செவனம்மா போனைச் சத்தமாக வைக்கிறாள்."

"நானாம்மா?" என்றாள் செவனம்மா. அவளை வெங்காயம் உரிக்க அனுப்பினேன்.

பூங்கோதை கொஞ்சம் யோசித்தாள். "இழுப்புக்குப் பதிலா பொம்பளைங்க கொலவை போட்டாப் போதும்ணே. கொலவை எறங்குற எடத்துல நான் மெல்ல எடுத்துக்குவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா யாராச்சும் ஒருத்தர் தொடங்கணும். நீங்க முன்னால ஒக்காந்திருப்பீங்க. நீங்க தொடங்கினீங்கன்னா..."

"நான் அதையெல்லாம் செய்வதில்லை" என்றேன்.

"சும்மா கேட்டேன் அத்தே" என்றாள்.

பத்து வயதில் அந்தோணியார் சப்பரத்துக்கு நான் குலவை போட்டிருக்கிறேன். அதற்காக சிஸ்டர் என்னை ஒரு மணி நேரம் முழங்காலில் நிற்க வைத்தார். அதை இவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

மே 24, சனி

மலர்க் கண்காட்சி. டேலியாவில் ஹில்டாவுக்கு முதல் பரிசு, எனக்கு இரண்டாவது. எருமை மிதித்த மூன்றில் ஒன்று தட்டு அகலம் பூத்திருந்தது. இதைக் குறையாக எழுதவில்லை. தகவலுக்காக.

வானம் கொஞ்சம் இருட்டியிருக்கிறது. மழை வரக் கூடாது. நான் மூடநம்பிக்கைக்காரி அல்ல.

மே 25, ஞாயிறு

இன்று எழுத முடியாது. நாளைக்கு.

மே 26, திங்கள்

மழை வரவில்லை.

மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. ராட்டினத்தைக்கூட நிறுத்திவிட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்வரிசையில் அதிகாரிகள், மலேசியக்காரர்கள் இருவர், பரிசு ரிப்பனைப் புடவையில் குத்திக்கொண்டு ஹில்டா, அவளுக்குப் பக்கத்தில் நான். கயிற்றுக்குப் பின்னால் சுற்றுலா வந்தவர்கள். அதற்கும் பின்னால் எஸ்டேட் பெண்கள்.

பூங்கோதை கடுகு நிறச் சுங்கடியில் வந்தாள். மைக்கைப் பிடித்து நேராகச் சொன்னாள்:

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் விரதம் இருந்தேன்னு சொன்னாங்க. இல்லீங்க. எனக்குத் தொண்ட வீங்கிப்போச்சு. எங்க அத்தை என்னைய வீட்டுல வச்சுப் பொத்திப் பொத்திப் பாத்துக்கிட்டாங்க. நான் பாட முடியாமப் போயிருமோன்னு எனக்கு இருந்த பயத்த அவுங்க வாங்கி வச்சுக்கிட்டாங்க. இந்தா முன்னால ஒக்காந்திருக்காங்க, அவுங்கதான்."

நான் எழுந்திருக்கவில்லை. ஹில்டா என் விலாவில் இடித்தாள்.

"எடுத்தவொடனே ஒசக்கப் பாடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால ஆத்தா, அக்கா, தங்கச்சிகளா, மொதச் சத்தம் உங்களோடது. ஒரு கொலவை போடுங்க. நான் பின்னாலயே வந்துர்றேன்."

யாரும் போடவில்லை. எஸ்டேட் பெண்கள் அதிகாரிகளைப் பார்த்துக் கூசி நின்றார்கள். சுற்றுலாப் பெண்கள் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். எங்கோ ஒரு குழந்தை அழுதது. சோலைமலையின் கையில் குச்சி அப்படியே நின்றது. பிச்சைமணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கோதை சிரித்த முகத்தை மாற்றவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்ததை நான் பார்த்தேன்.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு குலவை கிளம்பியது. தொடக்கத்தில் கொஞ்சம் தடுமாறியது. பல் செட்டு போட்டவர்களுக்கு அது சிரமம். பிறகு சரியாக வந்தது. அடுத்த மூச்சில் பின்னாலிருந்து நூறு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம் மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. ஹில்டா என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தபடியே இருந்தாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

குலவை இறங்கியது. அது இறங்கிய இடத்தில், அதே சுருதியில், பூங்கோதை எடுத்தாள்.

"கெணத்துத் தண்ணி கீழ கெடக்கு
கயிறு மட்டும் கையில் இருக்கு..."

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு தாழ்வாக. ஒவ்வொரு எழுத்தும் எனக்குக் கேட்டது. ஒருவரும் பஜ்ஜி தின்னப் போகவில்லை. அறுப்புப் பாட்டு மூன்றாவதாக வந்தது. அதுதான் சரியான இடம். ஐந்தாவது பாட்டின் நடுவே அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று நான் கையைத் தூக்கினேன். அவள் அந்த இழுப்பை எடுத்தே விட்டாள். குரல் ஏறியது. ஏறியது. உடையும் என்று நான் பயந்த இடத்தைத் தாண்டி, மேலே போய், அங்கேயே நின்றது. அவள் விட்டபோதுதான் இறங்கியது.

நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. எல்லோரும் நின்றுகொண்டிருந்ததால் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

மேடைக்குப் பின்னால் மலேசியக்காரர்கள் சோலைமலையிடம் ஆகஸ்ட் தேதிகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். சோலைமலை என்னைப் பார்த்ததும் அவர்களை விட்டுவிட்டு வந்து, "அம்மா, நல்ல நேரத்துல காப்பாத்துனீக" என்றார். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று புரியவில்லை என்றேன். நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. என் தொண்டை கட்டிப்போயிருந்தது.

இன்று காலை ஜெரோம் அழைத்து, யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்ததாகச் சொன்னான். "அம்மா, அது நீங்களா?" என்று மூன்று தடவை கேட்டான். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பூங்கோதை ஒன்பது மணி வரை தூங்கினாள். எழுந்து வந்து, முதல் வேலையாகச் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. இட்லியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"சொல்லுங்க அத்தே. எப்புடி இருந்துச்சு?"

யோசித்து, உள்ளதைச் சொன்னேன். மூன்றாவது பாட்டில் இரண்டாம் அடியில் சுருதி கொஞ்சம் இறங்கியது. நாலாவதில் மூச்சு இழுக்கிற சத்தம் மைக்கில் கேட்டது. ஐந்தாவதில் டாக்டர் பேச்சை மீறியது மன்னிக்க முடியாத காரியம். இனி ஒரு தடவை செய்தால் நானே டாக்டரிடம் சொல்வேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அடக்கமே இல்லாத சிரிப்பு. பாத்திரங்கள் அதிர்ந்தன. ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் போன பால்காரர் நின்று திரும்பிப் பார்த்தார்.

ஜன்னலைச் சாத்த எழுந்தேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, அதைச் சாத்தாமலே திரும்பி வந்து, அவள் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தேன்.